இரண்டு மாடி உயரத்தில் ஒரு பல்வலி

டென்ச்சாவை உட்கார வைக்க யாராலும் முடிந்ததில்லை. சமைக்கும்போது நிற்பாள் சரி, சாப்பிடும்போதும் நிற்பாள். தட்டை இடது கையில் ஏந்திக்கொண்டு அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடந்தபடியே, பீன்ஸை டோர்ட்டியா ரொட்டியில் சுருட்டி வாயில் போட்டுக்கொள்வாள். சனிக்கிழமையானால் வீட்டுச் சாமான்கள் இடம் மாறும். கட்டிலை அவள் தரதரவென்று இழுக்கும் சத்தம் கீழ்வீட்டில் இருந்த எங்களுக்கு அப்படியே கேட்கும். "இன்னிக்கு ஜன்னல் பக்கம் தலை போலிருக்கு" என்று என் கணவர் விட்டத்தைப் பார்த்துச் சொல்வார்.

முழுப்பெயர் ஒர்த்தென்சியா சமூதியோ. அந்தப் பெயரைச் சம்பள நாளில் ஆலைக்காரர்கள் கூப்பிட்டால்தான் உண்டு. லோமா குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் டென்ச்சா. லாஸ் ஏஞ்சலஸின் கிழக்கே, பெருஞ்சாலையை ஒட்டி, ஒரே மாதிரி அடுக்கிவைத்த அரசாங்கக் கட்டடங்கள் எங்களுடையவை. வியட்நாமுக்குப் போன பையன்களில் திரும்பியவர்கள் திரும்பிவிட்ட வருஷம் அது. டென்ச்சாவுக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. துணி ஆலையில் இஸ்திரிப் பிரிவில் வேலை. உட்கார்ந்து தைக்கும் வேலையைக் கொடுத்தபோது மதியச் சாப்பாட்டுக்கு முன்பே எழுந்து வந்துவிட்டாளாம். ஆலை மாறிக்கொண்டே இருப்பாள். சண்டை ஒன்றும் இருக்காது. கேட்டால், "அலுத்துப்போச்சுடி அம்பாரோ" என்பாள், அவ்வளவுதான்.

எங்கள் குடியிருப்பின் கடைசிக் கட்டடத்தில் நிக்காசியோ என்று ஒரு வாலிபன் இருந்தான். கறிக்கடைக்கும் டயர் கடைக்கும் பெயர்ப்பலகை எழுதிப் பிழைப்பவன். சாலையைப் பார்த்திருக்கும் பெரிய மொட்டைச் சுவரில் படம் வரைய வேண்டும் என்று குடியிருப்பு அலுவலகத்தை நச்சரித்து அனுமதி வாங்கியவன் அவன்தான். ஏற்கெனவே அந்தச் சுவர் முழுக்கப் பையன்கள் தங்கள் கும்பல் பெயரைக் கிறுக்கி வைத்திருந்தார்கள். அதற்குப் படமே தேவலாம் என்று அலுவலகத்தார் நினைத்திருக்க வேண்டும். பெண்கள் நாங்கள் சுவரைத் தேய்த்துக் கழுவினோம். ஆண்கள் சாரம் கட்டினார்கள். கழுகு வரையலாம், போர்வீரன் வரையலாம் என்று ஆளுக்கொன்று சொன்னபோது, "எத்தனை வீரனைப் பார்க்கிறது? ஒரு அம்மாவை வரை" என்று பெண்கள் பக்கமிருந்து சத்தம் எழுந்தது. நிக்காசியோ கண்ணால் துழாவி டென்ச்சாவிடம் வந்து நின்றான். அவளுடைய கன்ன எலும்பு அப்படி.

அவளைப் படத்துக்கு மாதிரியாக உட்கார வைத்தது என் வீட்டுச் சமையலறையில்தான்.

"அக்கா, கொஞ்ச நேரம் அசையாம உக்காருங்க."

"உக்காந்துதானேடா இருக்கேன்?"

"தலை ஆடுது. கால் ஆடுது. இப்போ நாற்காலியும் சேர்ந்து ஆடுது."

"மேல அடுப்புல பீன்ஸ் கொதிக்குதுடா."

"நான் போய் அணைச்சுட்டு வந்துட்டேன்க்கா" என்றேன்.

"அணைச்சுட்டியா? அப்போ ஆறிப்போயிடுமே!" என்று எழுந்து மாடிக்கு ஓடிவிட்டாள்.

இன்னும் இரண்டு முறை முயன்றுவிட்டு நிக்காசியோ பென்சிலைக் கீழே போட்டான். அப்போதுதான் என் அலமாரியில் இருந்த போட்டோ அவன் கண்ணில் பட்டது. என் கடைசிப் பெண்ணின் ஞானஸ்நான விருந்தில் எடுத்தது. அன்றைக்கு டென்ச்சாவுக்குக் கடைவாய்ப் பல் உயிர் போகிற வலி. கன்னத்தில் கையை வைத்து, கண்ணை மூடி, தலையைக் குனிந்திருந்த சமயத்தில் யாரோ கேமராவை அமுக்கிவிட்டார்கள். மறுநாளே பல்லைப் பிடுங்கியாயிற்று. "இதுதான், இதுதான்" என்று முணுமுணுத்தபடி நிக்காசியோ அந்தப் போட்டோவை எடுத்துக்கொண்டு போனான்.

கோடை முடிவில் சாரத்தைப் பிரித்தார்கள். இரண்டு மாடி உயரத்துக்கு எங்கள் டென்ச்சா நின்றாள். குனிந்த தலை, மூடிய கண், கன்னத்தில் கை. தோளில் கறுப்புச் சால்வை. வெறுங்கால் இரண்டும் செம்மண்ணில் பதிந்திருக்க, விரலிடுக்கில் சோளப் பயிர் முளைத்து மேலே ஏறிப் போயிற்று.  பக்கத்துக் கட்டடத்துப் பெண் ஒருத்தி விசும்ப ஆரம்பித்தாள்.

டென்ச்சாவின் கணவன் லிப்ராதோதான் முதலில் வாயைத் திறந்தான். மெத்தை ஆலையில் வேலை செய்யும் சாதுவான மனிதன். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவ இவ்வளவு நேரம் பேசாம இருந்து இன்னிக்குத்தான் பார்க்கிறேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். டென்ச்சா சிரிக்கவில்லை. அவள் படத்தின் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஷூ எங்கடா?"

"அக்கா, அது வந்து... மண்ணு, வேரு. நமக்கும் பூமிக்கும் உள்ள சொந்தம்."

"சொந்தமெல்லாம் இருக்கட்டும். ஷூ போடாம நான் குப்பை கொட்டக்கூடப் போனதில்ல."

முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. பிறகு சுவரடியில் யாரோ ஒரு மெழுகுவத்தி வைத்தார்கள். மறுநாள் நாலைந்து. குவாதலூப்பே மாதாவுக்கு வைக்கும் அதே கண்ணாடிக் குவளை மெழுகுவத்திகள். வேறு பேட்டைகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். மகன் சிறைக்குப் போனவள், புருஷன் குடிப்பவள், கர்ப்பம் நிற்காதவள் எல்லோரும் சுவரைப் பார்த்துவிட்டு, அந்த அம்மா மேலேதான் குடியிருக்கிறாள் என்று தெரிந்ததும் படியேறி வந்தார்கள். டென்ச்சா கதவைத் திறந்து, கையில் கரண்டியோடு நின்றபடியே கேட்பாள். என்ன சொல்வதென்று தெரியாது. காபி கொடுத்து அனுப்புவாள். அவர்கள் அவள் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்குவார்கள்.

பச்சையாக ஜோக் சொல்வதில் லோமாவில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. துணி துவைக்கும் அறையில் அவள் வாயைத் திறந்தால் நாங்கள் சோப்பு நுரையோடு வயிற்றைப் பிடித்துக்கொள்வோம். அதெல்லாம் நின்றுபோயிற்று. அவள் ஆரம்பித்தால் பெண்கள் சங்கடமாகத் தரையைப் பார்த்தார்கள். ஒரு சனிக்கிழமை நடன மண்டபத்துக்குக் கும்பியா ஆடப் போனவள் பாதியிலேயே திரும்பி வந்து என் வாசலில் நின்றாள்.

"ஒருத்தனும் என்கூட ஆடலடி. ஏன்டான்னு ஒருத்தனைப் பிடிச்சுக் கேட்டா, சாமியோட ஆடுற மாதிரி இருக்குங்கறான். என்னைக் கொன்னுட்டாங்க அம்பாரோ. கொன்னு மெழுகுவத்தியும் ஏத்திட்டாங்க."

முடியைக் கழுத்து வரை வெட்டிச் சிவப்புச் சாயம் அடித்துக்கொண்டாள். ஒன்றும் மாறவில்லை. அம்மாவுக்கு என்ன துக்கமோ, முடியை எடுத்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். அந்த நாட்களில் மேல்வீட்டில் கட்டில் இழுபடும் சத்தம் தினமும் கேட்டது.

வந்தவர்களிலேயே தவறாமல் வந்தவர் எலுத்தேரியோ பெரியவர். பெருஞ்சாலைக்கு அந்தப் பக்கம், ஒரு வீட்டின் பின்கட்டில் தனியாக இருந்தார். ரயில் தண்டவாளம் போடும் வேலையில் முதுகு வளைந்தவர். சாயங்காலமானால் சாலையைக் கடந்து வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்து நிற்பார். ஒருநாள் டென்ச்சா பொறுக்க முடியாமல் கீழே இறங்கிப் போய்ச் சொன்னாள்.

"ஐயா, உங்ககிட்ட உண்மையைச் சொல்லிடறேன். அது துக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பல்வலி. கடைவாய்ப் பல்லு."

அவர் சுவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இருக்கட்டும்மா. எங்க அம்மாவுக்கும் பல்வலி இருந்துச்சு."

சொந்த நாட்டில், ஜகதேகஸ் பக்கத்தில் தாயை விட்டுவிட்டு வடக்கே வந்தவர், அவள் செத்த செய்தியைக்கூடப் பல மாதம் கழித்துத்தான் கேட்டிருக்கிறார். அவளுடைய போட்டோ ஒன்றுகூட அவரிடம் இல்லை. அன்றைக்கு அவர் போன பிறகும் டென்ச்சா சுவரடியில் கொஞ்ச நேரம் நின்றிருந்தாள்.

மழைக்காலம் தொடங்கும் முன், ஒரு சாயங்காலம், லாரி அவரை அடித்தது.

எங்கள் சாலையில் லாரிகள் ஓயாது. வெர்னான் பக்கத்து இறைச்சி ஆலைகளுக்குப் போகிறவையும் வருகிறவையும். மூலையில் நடந்து கடப்பதற்கு வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். அது தேய்ந்து, இருப்பது எங்களுக்கு மட்டும்தான் தெரியும். ரொட்டிப் பையோடு அவர் கடந்துகொண்டிருந்தபோது லாரியின் முன்பக்கம் இடுப்பில் பட்டது. முதலில் ஓடியது டென்ச்சா. நடுச்சாலையில் மண்டியிட்டு அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை, வந்த ஒவ்வொரு வண்டியையும் திட்டித் தீர்த்தாள். உயிர் பிழைத்தார். இடுப்பு எலும்பு நொறுங்கிப் போயிருந்தது.

"என் மூஞ்சியைப் பார்க்க வந்துதான் அந்த மனுஷன் அங்க படுத்துக் கிடக்கான்" என்றாள் ஆஸ்பத்திரி நடைபாதையில் மேலும் கீழும் நடந்தபடி. "மெழுகுவத்தி ஏத்தறாங்களே, ரோட்டைக் கடக்க ஒரு சிக்னல் போட்டாங்களா?"

சிக்னல் கேட்டு நாங்கள் பலமுறை நகர அலுவலகத்துக்குப் போயிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: அந்த மூலையில் சிக்னல் வைக்கும் அளவுக்கு நடந்து கடப்பவர்கள் இல்லை.

இந்த முறை நிக்காசியோ ஒரு யோசனை சொன்னான். தொலைக்காட்சிக்காரர்கள் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சுவரடியில் டென்ச்சா அக்கா படத்தில் உள்ளபடியே நிற்கட்டும். கறுப்புச் சால்வை, குனிந்த தலை, கன்னத்தில் கை. ஒரு வார்த்தை பேச வேண்டாம். மேலே ஒரு அம்மா, கீழே ஒரு அம்மா. பார்ப்பவன் கலங்கிவிடுவான்.

"நிக்கிறேன். அந்தப் பெரியவருக்காக" என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேமரா வந்தது. குடியிருப்பே திரண்டிருந்தது. டென்ச்சா சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் இருந்ததால் எனக்குத் தெரிந்தது: அவள் கால்கள் சும்மா இல்லை. ஒரு கால் தரையைத் தட்டியது. அதை அடக்க மறு கால் அதை மிதித்தது. கேமராக்காரர் ஏதோ சரியில்லை என்று மறுபடி நிற்கச் சொன்னார். மறுபடியும். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு பறந்தன. 

"இதைப் பிடிடி" என்று சால்வையை உருவி என் கையில் திணித்தாள். மூலைக்குப் போனாள். இடமும் வலமும் பார்த்துவிட்டுச் சாலையில் இறங்கினாள்.

நிக்காசியோ கத்தினான். "அக்கா, கேமரா இங்க இருக்கு!"

"லாரி அங்க இருக்கு தம்பி!"

அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்தாள். திரும்பினாள். மறுபடி நடந்து இந்தக் கரைக்கு வந்தாள். வந்ததும் மறுபடி திரும்பினாள். லாரி ஒன்று கிறீச்சிட்டு நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. எனக்கு முதலில் அவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றே தோன்றியது.

"பார்த்துட்டு நிக்கிறீங்களே! கடக்கறதுக்கு ஆளில்லன்னுதானே சொன்னாங்க? வாங்கடி, கடப்போம்!"

சால்வையும் கையுமாக நான் இறங்கினேன். தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒருத்தி இறங்கினாள். பிறகு யார் யார் என்று தெரியவில்லை. வேலை முடிந்து சாப்பாட்டு டப்பாவோடு பஸ்ஸிலிருந்து இறங்கிய லிப்ராதோ என்ன ஏது என்று கேட்காமல் மனைவியின் பின்னால் நடந்தான். நாலு தடவை போய் வந்த பிறகுதான், "எதுக்குடி நடக்கிறோம்?" என்றான்.

ஒரு போலீஸ்காரர் வந்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"ரோட்டைக் கடக்கிறேன் சார்."

"இப்பதானே கடந்தீங்க?"

"அடுப்பை அணைச்சேனான்னு சந்தேகம். அதான் திரும்பிப் போறேன்."

அவள் போய்விட்டு வரும்வரை அவர் காத்திருந்தார். "இப்போ?"

"அணைச்சுதான் இருக்கு. அதனால கடைக்குப் போறேன்."

கூட்டம் ஓவென்று சிரித்தது. போலீஸ்காரர் மீசையைத் தடவியபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெள்ளைக் கோட்டின் மேல் நடந்து சாலையைக் கடப்பவரைப் பிடிக்கச் சட்டம் எதுவும் அவரிடம் இல்லை.

அன்றிலிருந்து, ஆலைகள் ஷிப்ட் மாறும் நேரமெல்லாம் நடந்தோம். லாரிகள் ரயில் பாலம் வரை நின்றன. டென்ச்சா அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. சாலையின் இந்தக் கரையில் ஒரு ஜோக்கை ஆரம்பித்து அந்தக் கரையில் முடிப்பாள். நடுவில் ஓட்டுநர்கள் கத்துவதற்கெல்லாம் பதிலும் கொடுப்பாள். பெண்கள் மறுபடியும் அவளைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்கள்.

எல்லா நாளும் அப்படி இருக்கவில்லை. மழை வந்ததும் கூட்டம் கரைந்தது. ஒரு சாயங்காலம் அவளும் லிப்ராதோவும் நானும் மட்டும் நனைந்துகொண்டு நடந்தோம். ஓட்டுநர் ஒருவன் இறங்கி வந்து லிப்ராதோவைப் பிடித்துத் தள்ளினான். எறும்பைக்கூட மிதிக்காத லிப்ராதோ சாப்பாட்டு டப்பாவால் அவன் காதில் ஒன்று போட்டான். போலீஸ் லிப்ராதோவை மட்டும் கொண்டுபோயிற்று. அன்றைக்கு டென்ச்சா ஸ்டேஷன் வாசலில் நடந்த நடையில் அங்கே புல் தேய்ந்திருக்கும். விட்டதும் வெளியே வந்தவனைப் பார்த்து, "யோவ், உனக்குக் கை நீட்டத் தெரியும்னு இத்தனை வருஷம் எங்கிட்ட சொல்லவே இல்லியே!" என்றாள். அவன் வெட்கப்பட்டான்.

கடைசியில் எங்களுக்காக யாரும் இரங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இறைச்சி நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று லாரி முதலாளிகள்தான் நகர அலுவலகத்துக்குப் படையெடுத்தார்கள். எங்கள் மனுக்களுக்கு அசையாத அலுவலகம் அவர்களுடைய கோபத்துக்கு அசைந்தது. வசந்தத்தில் மூலையில் சிக்னல் வந்தது. முதல் சிவப்பு விழுந்ததும் லாரிகள் வரிசையாக நிற்க, நாங்கள் கைதட்டினோம். டென்ச்சா கைதட்டவில்லை. விளக்கு மாறும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்தாள்.

அடுத்த வாரமே துணி துவைக்கும் அறையில் கூட்டம் கூட்டினாள். "சுவரை அழிச்சிடுங்க. வேற எதையாவது வரைங்க. என்னை விடுங்க."

ஒரே அமளி. எங்களுக்கு அதிர்ஷ்டம் கொண்டுவந்த படம் என்றார்கள். நிக்காசியோவின் முகம் வெளுத்துவிட்டது. அவன் அதுவரை வரைந்ததிலேயே அதுதான் உருப்படியான படம். இனி அப்படி ஒன்று தனக்கு அமையுமோ என்ற பயமும் அவனுக்கு இருந்தது.

"என் மூஞ்சிடா அது!"

"இப்போ அது உங்க மூஞ்சி மட்டும் இல்லக்கா" என்றான்.

 டென்ச்சா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன், எனக்கும் அந்தப் படம் பிடித்திருந்தது. சக்கர நாற்காலியில் வந்திருந்த எலுத்தேரியோ பெரியவர் மட்டும் மெதுவாகக் கேட்டார்.

"அழிச்சிட்டா நான் யாரைப் பார்க்க வர்றது மகளே?"

டென்ச்சா வெளியே கிளம்பினாள். கதவை அறையாமல், சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள். அவள் அப்படிக் கதவு சாத்தி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பூசைக்குக் கிளம்பியபோது சுவரடியில் ஏணி நின்றது. லிப்ராதோ அதைப் பிடித்துக்கொண்டிருந்தான். தரைக்கு அடிக்கும் பழுப்பு பெயிண்டில் டென்ச்சா அந்தப் பெரிய பாதங்களுக்கு ஷூ வரைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு வரைய வராது. ஒன்று ரொட்டி மாதிரியும் இன்னொன்று படகு மாதிரியும் இருந்தன. சோளப் பயிர் ஷூவுக்குள்ளிருந்து கிளம்பிப் போயிற்று. முகத்தை அவள் தொடவே இல்லை.

ஆள் அனுப்பி நிக்காசியோவை வரவழைத்தார்கள். வந்தவன் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டான்.

"என் படம் அது."

"காலு என்னோடது" என்றாள் ஏணியில் இருந்தபடியே.

அவன் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். வருஷக் கடைசியில் சான் டியேகோ பக்கம் வேலை கிடைத்துப் போனவன், எங்களிடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டான், மேல்வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அந்த ஷூவைச் சுரண்டிவிட வேண்டும் என்று பாதிப் பேர், இருக்கட்டும் என்று பாதிப் பேர். பெரியவரை நான்தான் தள்ளிக்கொண்டு போய்க் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"எங்கம்மாவுக்கு இவ்வளவு பெரிய காலு கிடையாது" என்றார். பிறகு, "போட்டுக்கட்டும், போட்டுக்கட்டும்" என்றார்.

அதன் பிறகும் டென்ச்சா லோமாவில் இரண்டு கோடைகள்தான் தாங்கினாள். ஆண்கள் அவளோடு ஆடினார்கள், பெண்கள் ஜோக்குக்குச் சிரித்தார்கள், ஆனாலும் படியேறி வந்து கையைத் தொடுகிறவர்கள் ஓயவில்லை. அவளும் லிப்ராதோவும் பிரெஸ்னோவுக்குப் போனார்கள். அங்கிருந்து டூசான். லிப்ராதோ அங்கேதான் இதய நோயில் போனான். பெரியவர் அதற்கு முன்பே, தூக்கத்தில். சுவர் வெயிலில் வெளுத்து, பிறகு கட்டடத்துக்குப் பூச்சு வேலை நடந்தபோது மொத்தமாகப் போயிற்று. போனில் சொன்னேன். "அப்படியா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "உன் முழங்கால் எப்படி இருக்கு?" என்று கேட்டாள். 

போன வசந்தத்தில் டூசானுக்குப் போய் அவளைப் பார்த்தேன். நகரப் பேருந்து ஓட்டுகிறாள். முடி முழுக்க நரைத்துவிட்டது, சாயம் இல்லை. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் என்னை உட்கார வைத்துக்கொண்டு ஊரையே சுற்றினாள். அவள் உட்கார்ந்து நான் அவ்வளவு நேரம் பார்த்தது அன்றைக்குத்தான். ஏறுகிறவர்கள் எல்லோரும் அவள் பெயர் சொல்லி வணக்கம் வைத்தார்கள். ஒரு கிழவருக்கு அவள் சொன்ன ஜோக்கில் மனிதர் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டார்.

"கடைசியில உனக்குப் பிடிச்ச வேலை கிடைச்சிடுச்சுக்கா" என்றேன்.

"ம்" என்றாள், கண்ணாடியில் என்னைப் பார்த்து. "அடுத்த மாசம் வேற ரூட் கேட்டிருக்கேன்."

"இந்த ரூட்டுக்கு என்ன குறை?"

"எல்லா ஸ்டாப்பும் தெரிஞ்சுபோச்சுடி" என்று சொல்லி கியரை மாற்றினாள்.